ஸ்டேஷனுக்குப் போன கேரியர்

எங்கள் தெருவில் யாரையாவது போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் முதலில் அடுப்பைப் பற்றவைப்பார்கள். வக்கீலுக்குப் போன் செய்வது அடுத்த வேலை. காரணம் எளிது. "அப்படி யாரும் இங்க இல்ல" என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். கொண்டுபோன சாப்பாட்டை வாங்கிக்கொண்டால், அதைச் சாப்பிட உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய தெரு அது. முனையில் நீலக் கொடிக்கம்பமும் சிறிய புத்தர் சிலையும் இருக்கும். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பெரும்பாலும் துப்புரவு வேலை, பெயின்ட் வேலை, வீட்டு வேலை. தெருவின் பெயரைச் சொன்னாலே என்ன சாதி என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். சுற்றியுள்ள அபார்ட்மென்ட்களில் எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் எங்களிடம்தான் வரும்.

நான் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன். "விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்" என்பது எங்கள் மேஜையில் தினமும் புரண்ட வாக்கியம். யார் அழைத்தார், எந்த நிலையில் திருப்பி அனுப்பினார் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது.

ஒரு சனிக்கிழமை காலை என் தங்கையின் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மச்சான் பெயின்டர். அவர் வேலை செய்த ஒரு வீட்டில் வளையலைக் காணவில்லையாம். அதே வாரம் அந்த வீட்டில் ஏசி பழுது பார்க்க ஒருவரும் மரவேலைக்கு ஒருவரும் வந்து போயிருந்தார்கள். அவர்களைப் போனில் விசாரித்ததோடு சரி. ஜீப் வந்தது மச்சானுக்கு மட்டும்.

ஏணியில் நின்று பிழைப்பவருக்கு உள்ளங்கால்தான் முதல். லத்தி முதலில் தேடுவதும் அதைத்தான், காயம் வெளியே தெரியாது என்பதால். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் இன்னொரு பெயின்டர் அப்படி அடிவாங்கி வந்தார். பிறகு அவர் ஏணி ஏறவே இல்லை. வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மச்சான் நடந்து வெளியே வருவாரா என்பது மட்டும்தான் அன்று எங்கள் கேள்வி.

அந்தப் பெயின்டருக்கு நடந்ததற்குப் பிறகுதான் தெருப் பெண்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகக் கூடாது, கத்தக் கூடாது, சாப்பாட்டுக் கேரியர் இல்லாமல் போகக் கூடாது. இதுதான் சங்கத்தின் சட்டம். நடத்துகிறவர் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசராக இருந்தவர், தெருவுக்கே அக்கா.

"லெமன் சாதம் போதுமாக்கா?" என்றாள் தங்கை.

"அவனுக்குப் பிடிச்சதச் செய்டி. கருவாடு இருக்கா? அதப் போடு. ஸ்டேஷன் பூரா வாசன அடிக்கணும்."

"கேஸ விடுறாங்களோ இல்லியோ, ஜன்னலத் தொறந்து விட்ருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தங்கைகூடச் சிரித்துவிட்டாள்.

ஏழெட்டுப் பெண்களும் நானும் போனோம். மேஜையில் இருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்க்காமலே "யாரூ இல்ல கணம்மா" என்றார். பிறகு தமிழுக்கு மாறினார். "எது காணாமப் போனாலும் உங்க தெருவுலதான் கெடைக்குது. அப்புறம் இங்க வந்து உக்காந்துக்கிறீங்க."

"போன தடவ காணாமப் போன லேப்டாப் அந்த வூட்டு மருமகன்கிட்டதானே சார் கெடைச்சுது?" என்றார் அக்கா.

கான்ஸ்டபிள் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். கேரியரை நடுவில் வைத்து மேல் தட்டை அக்கா லேசாகத் திறந்து வைத்தார். மின்விசிறி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மதியம் கான்ஸ்டபிள் தன் டப்பாவை எடுத்தார். இந்த ஊரில் சாப்பாட்டு வேளையில் யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தங்கையும் அந்தப் பழக்கத்தில் கேட்டாள்.

"ஊட்டா ஆய்தா, சார்?"

"இல்லம்மா, ஈக."

"அவர்து?" அதே மூச்சில் தன் கணவருக்கு ஆயிற்றா என்றாள்.

"அவன்து ஆய்து. பெளிகேனே இட்லி தரிஸ்கொட்வி."

தனக்கு இனிமேல்தான்; அவனுக்கு ஆயிற்று, காலையிலேயே இட்லி வாங்கிக் கொடுத்தோம். சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. மூடி கையிலேயே நின்றது.

"அப்ப இது மதியத்துக்கு இருக்கட்டும் சார்" என்று கேரியரை மேஜைமேல் வைத்தார் அக்கா. உடனே வக்கீலுக்குப் போன். "ஆளு உள்ளதாம்மா இருக்கான். காலைல இட்லி குடுத்தாங்களாம்."

வக்கீல் அம்மா வந்தபோது இன்ஸ்பெக்டரும் வெளியே வந்தார். சும்மா விசாரிக்கத்தான் வரச்சொன்னோம் என்றார். "வரச்சொன்ன நோட்டீஸ் எங்க சார்? குடும்பத்துக்குச் சொன்னீங்களா?" என்று வக்கீல் அம்மா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கூடவே பெஞ்சிலிருந்து நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். வெயில் இறங்குவதற்குள் மச்சான் படியில் நின்றார்.

"கேட் வரைக்கும் நடந்து காட்டுடா" என்றார் அக்கா.

நடந்தார். இடது காலை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"ரெண்டு அடி வுழுந்துச்சு. அப்புறம் கருவாட்டு வாசன வந்துச்சு. நம்ம வூட்டு மசாலா எனக்குத் தெரியாதா? நீங்க வந்துட்டீங்கன்னு அடிச்சவருகிட்டயே சொன்னேன். அவரு லத்திய வெச்சிட்டு வெளில எட்டிப் பாக்கப் போயிட்டாரு."

நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் அந்த இரண்டு அடியையும் பதிய வைத்தோம். மேலிடத்தில் கொடுத்த புகார் இன்னும் நடக்கிறது. நாங்களும் விடாமல் போய்வருகிறோம். வளையல் என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் புகாரின் பேரில் மேலிடம் சொன்னதால், இப்போது மாதம் ஒரு தடவை இன்ஸ்பெக்டர் சங்க அறைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ஜீப் இன்னும் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் வருகிறது. அடுத்து ஜீப்பையும் நிறுத்துவோம். எப்படி என்று இப்போது தெரியும்.

கால் ஆறியதும் மச்சான் முதலில் பெயின்ட் அடித்தது அந்தச் சங்க அறைச் சுவருக்குத்தான். ஏணியின் உச்சியில் நின்று ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே தங்கை அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலப் பாத்தது போதும், சுவரப் பாருடி" என்றார் அக்கா. "அந்த மூலைல பட்டி சரியாப் பூசல உன் புருஷன்."