மூன்று கிலோ மைதாவை வைத்து ஓர் ஒத்திகை

லிப்ட் கம்பெனியில் அவனைச் சுவிட்சு என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்த மாத்திரத்தில் யாரோ அணைத்தது போல அணைந்துவிடுவான். பக்கத்துக் கட்டடத்தை ராவோடு ராவாக இடித்தபோதுகூட அவன் புரண்டு படுக்கவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து, "என்ன, இன்னிக்கு வெளிச்சம் தூக்கலா இருக்கு?" என்று கேட்டான்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். டயப்பர் வாங்க வரும் அப்பன்களின் தூங்காத கண்களைத் தினமும் பார்ப்பவள். ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள் கேட்டாள்.

"ராத்திரி பிள்ளை அழுதா எழுந்திருப்பீங்களா?"

"பெத்த பிள்ளை அழுதா தானா முழிப்பு வராதா?"

"பெக்கப்போறது நான். முழிப்பும் எனக்குத்தான் வரும்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மணி வரை தன் ஷிப்டு, பிறகு அவள் ஷிப்டு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். கிறீச்சிடும் கதவுக்கு எண்ணெய் விட்டான். தொட்டிலருகே மங்கலான விளக்கு மாட்டினான். பழைய டூல்பாக்ஸைத் தேய்த்துக் கழுவி டயப்பர்களை அடுக்கினான். பாட்டில்களைக் கொதிக்கவைத்துக் கவிழ்த்தான். குடிக்க ஆள்தான் இன்னும் வரவில்லை.

ஞாயிறு மதியம் ஒத்திகை. திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தான். மூன்று கிலோ மைதாப் பையைத் துண்டில் சுற்றித் தொட்டிலில் கிடத்தினாள் மனைவி. அவன் அணைந்ததும், போனில் ஏதோ குழந்தையின் அழுகையை முழுச் சத்தத்தில் ஓடவிட்டாள்.

இருபது நிமிடம் அழுதது. சுவிட்சு அசையவில்லை. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். வாரிச்சுருட்டி எழுந்தவன் மைதாவைத் தூக்கினான், டயப்பரைச் சுற்றினான், கோணலாக ஒட்டியதைப் பிய்த்தான். பை கிழிந்தது.

அந்நேரம் பார்த்துக் கதவைத் தட்டினாள் கீழ் வீட்டுப் போலீஸ்காரம்மா. ராத்திரி ரோந்து முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள்.

"பிள்ளை பொறந்ததைச் சொல்லவே இல்லையே!" என்றபடி நுழைந்தவள், தலைமுதல் கால்வரை வெளுத்து நிற்கும் சுவிட்சையும் அவன் கையில் டயப்பரோடு தொங்கிய காலிப் பையையும் பார்த்தாள்.

"தம்பி, பிள்ளைய என்ன பண்ணினே?"

"கொட்டிடுச்சுக்கா."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

போலீஸ்காரம்மா நைட்டியோடு நடுரோட்டில் கையை உயர்த்தி நின்று ஆட்டோவை மடக்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்து, "பேக்கரியிலேர்ந்து நேரா வர்றீங்களா?" என்றாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. எல்லாரிடமும் எடையைச் சொல்லிச் சொல்லி அழுதான்; அழுததில் கன்னத்து மாவு பிசைந்த மாவானது.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி குழந்தை நாலு தடவை அழுதது. மனைவி கூப்பிட்டாள், கிள்ளினாள், உதைத்தாள். அவன் எழுந்தது காலை ஏழு மணிக்கு. அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு துணி அலசினான்.

"உங்களை எழுப்ப முடியாது. விடுங்க. தூங்காம இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அதை அவன் யோசித்ததேயில்லை. அன்றிலிருந்து இரண்டு மணி வரை உட்காரக்கூட இல்லை; உட்கார்ந்தால் போச்சு. மகளைத் தோளில் போட்டு நடந்தபடியே லிப்டுக்கு பிரேக் சரிசெய்வது எப்படி என்று விளக்குவான். அவள் கண்ணைக் கொட்டாமல் கேட்பாள். சரியாக இரண்டுக்கு மனைவியை எழுப்பி அறிக்கை கொடுப்பான்: "ஈரம் ரெண்டு. கனம் ஒண்ணு. ஏப்பம் வந்தாச்சு." அவள் குழந்தையை வாங்கிக்கொள்வதற்குள் தரையிலேயே சரிந்துவிடுவான்.

இரண்டாவது மாதம் ஒரு குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. மூன்றாவது மாடியில் லிப்ட் நின்றுவிட்டது, மெக்கானிக்கையும் காணோம். திறந்து பார்த்தால் உள்ளே சாய்ந்து நின்றபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் சுவிட்சு.

மேனேஜர் கூப்பிட்டார். மூன்று பிள்ளை பெற்றவர்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ரெண்டு சார்."

"இன்னும் நாலு மாசம் இப்படித்தான் இருக்கும்," என்றவர் மெமோவை நீட்டினார். "கையெழுத்துப் போடு. பைக் சாவியை இங்க வச்சிட்டு பஸ்ல தூங்கிட்டே போ."