சித்தியின் கன்னச் சிவப்பு

"பெண் பிடித்திருக்கிறது. கன்னச் சிவப்பு காய்ச்சலா, பூச்சா என்பது மட்டும் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு வருகிறோம்."

ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த இந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தபால் முத்திரையில் ஆண்டு அழிந்துவிட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆகவே முப்பதுகளின் கடைசி என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாமா கம்பவுண்டர். அவருக்குச் சமைத்துப் போட மூன்று வருடமாகச் சித்தியும் மலையில்தான் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் சீக்குப் பெண் என்று கைவிட்டுப் போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா மட்டும் சிரித்துக்கொண்டே சித்தியோடு இறங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், மாப்பிள்ளையின் அத்தை ஈரத்துண்டால் சித்தியின் கன்னத்தைத் துடைத்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. கன்னம்தான் இன்னும் சிவந்தது. மாமா தெர்மாமீட்டர் வைத்துக் காட்டினார். காய்ச்சலும் இல்லை.

"அப்பறம் என்னத்துக்குங்க இப்படிச் செவந்து கெடக்குது?" என்றார் அத்தை.

"மேல காத்து லேசுங்க. அதுக்கு ஈடுகட்ட ரத்தம் கூடுதலா ஊறுது. நூறாம் நம்பர் நூலைவிட மெல்லிசான குழாய்லயெல்லாம் நெறஞ்சு ஓடுது. நகத்தை அமுக்கி உட்டுப் பாருங்க, தெரியும்" என்றார் மாமா.

தறிக்காரக் குடும்பம், நூல் என்றதும் புரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கட்டைவிரல் நகத்தை அமுக்கினார்கள். வெளுத்த நகம் மறுபடி சிவக்கும்வரை எண்ணுவது என் பொறுப்பு. மாமாவுக்கு இரண்டு. அத்தைக்கு நான்கு.

"நீ வெரசா எண்ணிப்போட்ட சாமி, மறுக்கா எண்ணு" என்றார் அத்தை. மறுபடியும் நான்குதான்.

"மாப்ள, பொண்ணு நகத்தை நீங்களே அமுக்கிப் பாத்துருங்க. வைத்தியந்தானுங்க" என்றார் மாமா.

மாப்பிள்ளை அமுக்கினார். நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பது ஆகியும் அவர் கையை எடுக்கவில்லை.

"உடுடா, நகம் தேஞ்சு போயிரும்" என்றார் அத்தை. கூடமே சிரித்தது. அன்றே தாம்பூலம் மாற்றினார்கள். கையை எடுத்தால்தான் ரத்தம் திரும்பும் என்பதுகூடத் தெரியாத ஒருவரைச் சித்தி கட்டிக்கொள்கிறாளே என்று எனக்குத்தான் கவலை.

உயரமான மலையில் வாழ்பவர்களுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும் என்று பின்னாளில் படித்தேன். ஏற்காட்டு உயரம் அதற்குப் போதுமா என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கீழே வந்து சில மாதங்களில் சிவப்பு மங்கிவிடும் என்றும் மாமா சொல்லியிருந்தார். மங்கியதா என்று பல வருடம் கழித்து, குறிப்பேடும் கையுமாய்ச் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"நான் இன்னும் கையவே எடுக்கலியே சாமி" என்றார்.

ஆகவே இத்தகவல் சரிபார்க்கப்படாதது.