ஓட்டுக் கேட்காத அம்மா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். குற்றம், எதிர்வீட்டு அக்காவுக்காக வீடு வீடாகப் போனது.

அப்போது இரும்புலியூரில் ஒரு முட்டுச்சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் சிறு வயதிலேயே இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அகதி முகாமுக்கு வெளியே வசித்ததால் அப்பா அவ்வப்போது நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதனாலோ என்னவோ, வாசலைத் தாண்டியதும் அவர் சென்னைக்காரராகவே பேசுவார். அம்மா மட்டும் காய்கறிக்காரரிடமும் எங்கள் தமிழில்தான் பேரம் பேசுவார்.

அந்த வருட மழையில் சாக்கடை பொங்கித் தெரு முழுக்க வீடுகளுக்குள் புகுந்தது. என் பாடப்புத்தகங்கள் ஊறிப்போயின. மனு கொடுத்து அலுத்த எதிர்வீட்டு அக்கா, வார்டு தேர்தலில் தானே சுயேச்சையாக நின்றுவிட்டார். இட்லி மாவு அரைத்து விற்பவர். அவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. கூடப் போக ஆள் கிடையாது. முதல் நாளே அம்மா போனார், சீப்பைத் தூக்கிப் பிடித்தபடி நானும் போனேன்.

மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஆள் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

“இன்னாம்மா, உனக்கே ஓட்டு கெடியாது. நீ இன்னாத்துக்கு ஊடு ஊடா ஏறி எறங்கிகினு கீற?”

அம்மா துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை. “எனக்கு ஓட்டில்லை, சரி. சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வரேக்க எங்களிட்டக் கார்டு கேட்டுட்டோ வந்தது?”

அவர் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அப்பா சாப்பிடவில்லை. “உமக்கேன் உந்த வேலை? நாளைக்குப் பதிவை நிப்பாட்டினா எங்க போறது? பேசாமல் இரும்” என்றார். அம்மா அவருக்கு மறுபடியும் சோறு போட்டு வைத்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் நிலையத்துக்கு அப்பா அம்மாவோடு நானும் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்.

“வெளிநாட்டுக்காரங்க பிரச்சாரத்துக்குப் போறது பிரச்சனைம்மா. ஓட்டு கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“எந்தச் சட்டத்தில இருக்கு எண்டு சொல்லுங்கோ, அதையும் சேத்து எழுதுறன்.”

அவர் காகிதத்தை அம்மா பக்கம் தள்ளினார். “அதெல்லாம் நமக்கெதுக்கு? எழுதுங்க.”

அம்மா எழுதினார். ‘நான் யாரிடமும் ஓட்டுக் கேட்க மாட்டேன். என் வீட்டுக்குள் சாக்கடை வந்ததை மட்டும் சொல்வேன்.’ அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பில் வைத்தார். அப்பா வெளியே வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “எங்கட வீட்டில முழங்கால் அளவுக்குத் தண்ணி. உங்கட வீட்டில எவ்வளவு?” என்று கேட்பார். அவர்கள் கையால் அளவு காட்டுவார்கள். அம்மா தலையாட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வார். பின்னாலேயே அக்கா வந்து, “சீப்புல குத்துங்க” என்பார். புகார் கொடுத்தவர் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா தோற்றார். ஆனால் எங்கள் தெரு ஓட்டு மொத்தமும் சீப்புக்கு விழுந்தது ஜெயித்தவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மழைக்கு முன்பே கால்வாய் தோண்ட ஆள் அனுப்பினார். அம்மா அந்த ஆட்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, ஆழம் போதாது என்று சண்டையும் பிடித்தார்.

வாக்குப்பதிவு நாளன்று நடந்த ஒன்றைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, அக்காவோடு பள்ளிக்கூட வாசல்வரை அம்மா வந்தார். வரிசை உள்ளே போனது. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். அம்மா பாவமாகத் தெரிந்தார். அவரைத் தேற்ற நினைத்து, “பதினெட்டு வயசு வரட்டும் அம்மா. நான் குரோம்பேட்டையில பிறந்தனான்தானே, நான் போய்ப் போடுவன், உங்களுக்கும் சேத்து” என்றேன்.

அந்த ஆளுக்கும் அதிகாரிக்கும் உடனே பதில் சொன்ன அம்மா, எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், வலித்தது.

பதினெட்டு வயதில் வாக்காளர் பட்டியலில் சேர நான் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது. பெற்றோர் இருவரும் குடியுரிமை இல்லாதவர்கள் என்றால், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அது மட்டும் போதாதாம். இந்த முறையும் தேர்தலுக்கு நான் வாசல் வாசலாகப் போனேன். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்ற அன்றைக்கோ, அம்மாவின் கை ஏன் அப்படி இறுகியது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குப் பேச முடியாத சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, தெருவில் துள்ளிக் குதித்தபடி நடந்தேன்.