கட்டைவிரல் பின்னாத கையுறை

ஒரு வரிசை பின்னி முடித்த பிறகுதான் டூருன் யாருக்கும் பதில் எழுதுவார். எழுதியது ஒட்கெய்ர் என்றால் இரண்டு வரிசை. கணினியில் வாய்ச்சண்டை முற்ற முற்ற, மடியில் கையுறை வளரும்.

பகலில் அந்த அம்மாள் பல் மருத்துவர். வியாழன் மாலை, மழை விடாத பெர்கன் நகரின் படகுக் கழக மாடியில் ஒரு கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திறந்து திருத்தலாம் என்று விட்டிருக்கும் படகு வரைபட மென்பொருளை உருவாக்குகிறவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர்கள் திரையில் வருவார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. ஆகவே அதட்டல் செல்லாது. பொத்தான் நீலமா பச்சையா என்று போன வருஷம் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து, "வாஃபிள் வேகுறதுக்குள்ள பேசி முடிங்க" என்பதுதான் சட்டம். வெந்ததும் அந்த அச்சு அப்பத்தின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து எல்லார் வாயையும் அடைத்துவிடுவார்.

முதல் திருத்தம் அனுப்புகிறவருக்குத் தபாலில் ஒரு கையுறை போகும். ஒன்றே ஒன்று. ஜோடி வேண்டுமென்றால் இரண்டாவது திருத்தம் வரவேண்டும். "ஒத்தக் கை குளிரட்டும், தானா வருவாங்க." வராதவர்களின் மறு கையுறைகள் கட்டைவிரல் பின்னாமல் இழுப்பறையில் கிடக்கின்றன. அதைத் திறக்கும்போதெல்லாம் டூருனுக்கு மனசு சுருக்கென்கும்.

ஓலெசுண்டில் பயணப் படகில் டிக்கெட் பார்க்கும் ஓஷில், குளிர்காலத்தில் ஒரு திருத்தம் அனுப்பினாள். "சோதிச்சுப் பாக்காம இங்க குப்பை கொட்டாதீங்க" என்று எழுதிவிட்டார் ஒட்கெய்ர். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சினோடு பேசிய வாய். கையுறை போய்ச் சேர்ந்தது, ஆள் வரவில்லை.

பிறகு மென்பொருளில் ஒரு பிழை முளைத்தது. தலையில் வட்டம் வைத்து, 'ஓ' என்று ஒலிக்கும் Å, நார்வே அகரவரிசையில் கடைசி எழுத்து. துறைமுகப் பட்டியலில் அது முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அகராதி 'ன'வில் தொடங்கினால் நாம் சும்மா இருப்போமா? கரையோரம் முழுக்கக் குதித்தது.

"ரெண்டு நிமிஷ வேலை. நான் சரி பண்ணிடறேன்" என்றார் ஒட்கெய்ர்.

"கைய எடு. அது ஓஷிலுக்கு."

"அவதான் ஓடிட்டாளே, தாயே!"

"ஓடல. நீ வெரட்டுன. அவ பேரே அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. நீயே எழுதிக் கூப்பிடு."

"நான் என்னத்த எழுதறது?"

"மன்னிச்சுக்கன்னு எழுது. அத சோதிச்சுப் பாக்க வேணாம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பட்டியல் தலைகீழாகவே கிடந்தது. வசவுகள் வந்தபடி இருந்தன. டூருன் பின்னியபடி இருந்தார். ஓஷில் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

இந்த வியாழன், வாஃபிள் அச்சு சூடாகிக்கொண்டிருந்தபோது திருத்தம் வந்தது. கீழே ஒரு வரி: "என் எழுத்து கடைசியில வந்தாத்தான் எனக்கு மரியாதை. சோதிச்சுட்டேன், ஐயா."

ஒட்கெய்ர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுதும் படித்தார். "சுத்தமா இருக்கு" என்றார்.

டூருன் இழுப்பறையைத் திறந்து, ஓஷிலின் மறு கையுறையைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்காக விட்டுவைத்திருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார்.