ரேடியேட்டரில் நான் ஊற்றிய தண்ணீர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை நிறுத்தி ஒர்க் ஷாப் போட்டேன். மலேசியாவுக்குப் போய், பாஷை தெரியாமலே இருபது வருஷம் லாரி என்ஜின் இறக்கி ஏற்றினேன். நேமத்தான்பட்டியில் மாடி வீடு கட்டினேன், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டி மகனோடு கனடாவுக்கு வந்து, ஆறே மாதத்தில் இங்கேயும் ஷெட் திறந்தேன். என் கைபட்டுக் கிளம்பாத வண்டி கிடையாது என்று சொல்லித் திரிந்தவன், இப்போது சாவியைத் திருப்பும் முன் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இந்த ஊரில் பொழுது சாய்ந்தால் காருக்குக் கரண்ட் ஒயர் செருகுகிறார்கள், என்ஜின் உறையாமல் இருக்க. பெட்ரோல் வண்டிக்கு எதுக்குக் கரண்ட் என்று வந்த வருஷம் நான் சிரித்தேன். கூடச் சிரித்தவர் தங்கச்சி புருஷன் செல்லையா. ஷெட்டில் துணைக்கு நான்தான் அவரை அழைத்து வந்தேன். இலை உதிரும் சமயம் எங்கள் வேனின் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியது. மாற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன்.

“இங்கிட்டு உறையாத ஏதோ கலர் தண்ணி ஊத்தணுமாம்ல மச்சான்?” என்று கேட்டார்.

“நாப்பது வருஷமாப் பச்சைத் தண்ணிதான் ஊத்துறேன் மாப்பிள. எந்த என்ஜின் செத்துப்போச்சு?”

பனி கொட்டிய ஒரு காலையில் செல்லையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சைக் கூப்பிட என் இங்கிலீஷ் போதாது. என் வண்டி நிற்கும்போது அது எதற்கு என்ற நினைப்பு வேறு. அவரை வேனில் ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். லைட் பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறையில்லை. செல்ப் மோட்டார் ஒரு முறை முனகியது, பெல்ட் கிரீச்சிட்டது, அவ்வளவுதான். பியூஸ் பார்த்தேன். பேட்டரி முனையைச் சுரண்டினேன். பக்கத்துக் கடை வெள்ளைக்காரர் ஓடி வந்து தன் காரைக் காட்டி ஏதோ சொன்னார். பேட்டரிக்கு ஒயர் கொடுக்கிறேன் என்கிறார் போல என்று நினைத்து, “நோ, பேட்டரி குட்” என்று கையை ஆட்டினேன். அவர் மறுபடியும் காரைக் காட்டினார். நான் நிமிரவே இல்லை.

“கிளப்பிருவீகளா மச்சான்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அஞ்சு நிமிஷம் மாப்பிள.”

கடைசியாகத்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டினேன், கல்லைத் தட்டிய சத்தம். நான் ஊற்றிய தண்ணீர் ஐஸாக உறைந்து என்ஜினை இறுக்கியிருந்தது. அந்த வெள்ளைக்காரர் தன் காரில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் புரிந்தது. இருவரும் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து செல்லையா நடந்து வரவில்லை. டாக்டர் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். மகன் அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

“நீங்க என்னண்ணே செய்வீக? அந்த ஊருக் குளிரு கொன்னுருச்சு,” என்று தங்கச்சி போனில் அழுதாள். நான் ஆமாம் என்றேன். வருஷம் ஒன்றாகப் போகிறது, அந்த ஆமாமை இன்னும் அவளிடம் திருத்திச் சொல்லவில்லை. வேனை விற்றுவிட்டேன். எந்தச் சாவியைத் திருப்பினாலும் கிளப்பிருவீகளா என்ற குரல் பக்கத்து சீட்டில் கேட்கிறது.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குத் தங்கச்சி மகன் கணேசன் போஸ்டர் அடிக்கிறான். மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினான். செல்லையா படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் என் பெயர்: ‘அன்னாரை அயல்நாடு அழைத்துச் சென்று வாழவைத்தவர்.’ பிள்ளையார்பட்டி ரோட்டுச் சுவரில் என் பெயர் வெயில் காயும். அதே பெயர்க்காரன் இங்கே பனியில், கார்க் கதவைத் திறக்கத் துணிவில்லாமல் நிற்பான்.

கணேசா, அந்த வரியை எடுத்துவிடு. பழியைக் குளிரின் மேல் போடாதே. தண்ணீர் ஊற்றியவனும் நான், கார் கொடுத்தவரைத் தள்ளி நிறுத்தியவனும் நான். சுவரில் இதற்கு இடம் இருக்காது. இந்தப் பக்கத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. செய்த எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டு வாங்கியவன் உன் மாமன். இதற்கும் என் பெயரைப் போடு.