அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் என் மகள்

நான் கல்முனையில் பத்திரிகையாளர். ஓட்டிசம் என்னும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளைப் பற்றி வானொலியில் பேசும்போது, பண்டைய இந்திய யோகிகளின் மூச்சுப் பயிற்சியையும் சொல்லித் தருவேன்.

அன்று அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் ஹோர்ன் சத்தம் தாங்காமல், ஓட்டிசம் உள்ள என் மகள் தரையில் விழுந்து தலையை மோதினாள். "மகள், மூச்ச இழுங்க!" என்று கதறினேன். அவளுக்குக் கேட்கவேயில்லை. கூடி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். "யா அல்லாஹ், என்ர புள்ளயக் காப்பாத்து" என்று அலறினேன்.

காரைதீவுக்குப் போக நின்ற ஒரு பெண் பஸ்ஸுக்கு முன்னால் ஓடினாள். "புள்ள துடிக்கிது, ஹோர்ன் அடிக்காதீங்க தம்பி! எல்லாரும் தள்ளிப் போங்க!" பிறகு என் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, கத்தாம நீங்க மூச்சு விடுங்க."

விட்டேன். சத்தம் அடங்க, மகளும் மெல்ல அடங்கினாள்.

இப்போது அந்தப் பயிற்சியை முதலில் பெற்றோருக்கே சொல்கிறேன். ஆனாலும் அவளோடு பஸ் ஏற இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.