புதிய தொழில்முனைவோர் ராஜவேல்

பத்தொன்பது வருடம் மிஷின் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போன ராஜவேல், ஐம்பத்திரண்டாவது வயதில் புதிய தொழில்முனைவோர் ஆனார். எல்லாம் செல்போன் செய்த வேலை.

நல்லூரில் ஒரு வாடகை ஷெட், ஆறு தையல் மிஷின், பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் பனியன் துணியைத் தைத்துக் கொடுக்கும் பிழைப்பு. அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். போன தீபாவளிக்குப் பிறகு, நூலைத் தானே வெட்டும் புது மிஷின் இருந்தால்தான் துணி என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. புது மிஷின் வராவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளி என்று கூப்பிட்ட தெரு இனி டெய்லர் என்று கூப்பிடுமே என்ற நினைப்பு அவரை அரித்தது.

செல்போனில் தேடித் தேடி ஒரு மானியக் கடனைக் கண்டுபிடித்தார். கால் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஒரே நிபந்தனை, புதிதாகத் தொழில் தொடங்குபவராக இருக்க வேண்டும். 'ஏற்கெனவே தொழில் நடத்துகிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டார். 'முன் அனுபவம்?' என்று கேட்டதற்கும் அதே 'இல்லை'தான்.

"ஏனுங்க, இது பொய்யில்லீங்களா?" என்றாள் மனைவி கலைமகள்.

"அட, எல்லாரும் இப்படித்தான் போடறாங்களாமா. நீ சும்மா இரு."

கடனுக்காக ஷெட்டைப் பார்க்க ஆள் வரும் என்று செய்தி வந்தது. ஓடுகிற மிஷினை வைத்துக்கொண்டு இனிமேல்தான் தொடங்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டு, ஆறையும் டெம்போவில் ஏற்றி, கலைமகளின் தம்பி வேல்குமாரின் தையல் யூனிட்டில் இறக்கினார்.

"ஒரு மாசமென்னங்க மாமா, எத்தன நாள் வேணாலும் கெடக்கட்டுமுங்க" என்றான் அவன்.

மிஷின் போன இடத்துக்கே டெய்லர்களும் போனார்கள். துணி கொடுத்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் அங்கேயே போனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோருக்கும் வயிறு இருக்கிறது.

ஆள் வருவதற்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை தினமும் காலையில் டீயைக்கூடத் தொடாமல் போனைத் திறப்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருக்கும். கூட்டிப் பெருக்கிய வெற்று ஷெட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்டினார். வந்தவர் நாலு படம் எடுத்துப் போனார். அடுத்த வாரம் வங்கியில் கூப்பிட்டார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்தத் தொழில்ல அனுபவமே இல்லைன்னு நீங்களே போட்டிருக்கீங்க. இந்த வயசுல புதுசா ஆரம்பிச்சு எப்படி சார் கட்டுவீங்க?"

பத்தொன்பது வருடமும் தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் பொய்க்காரர், சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாதவர். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பாவம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனிதருக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

மிஷினைத் திரும்பக் கொண்டுவந்தாலும் தைக்கத் துணி இல்லை. ஷெட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை வேல்குமாரின் யூனிட்டுக்கே வேலைக்குப் போனார். அவன் வெளியே போயிருந்தான். புதிதாக வந்த சூப்பர்வைசர் பெண்ணுக்கு இவர் யாரென்று தெரியாது. மூன்றாவது மிஷினைக் காட்டினாள். ஆயுத பூஜைக்குக் கலைமகள் வைத்த சந்தனப் பொட்டு அதில் இன்னும் அழியாமல் இருந்தது.

"இந்த ஓவர்லாக் மிஷின் ஓட்ட வருமுங்களாண்ணா? எத்தன வருச சர்வீஸ்ங்க?"

"பத்தொம்பது வருசமுங்க" என்றார் ராஜவேல்.

"அப்பச் சரிங்க, உக்காருங்க" என்றாள் அவள்.